நொண்டிக் குதிரையின் எக்காளம்

எவாரிஸ்தோவின் கையையும் வாயையும் ஆண்டவர் ஒரே நாளில் செய்திருக்க முடியாது. கையைத் திங்கட்கிழமை காலையில், நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாமல் செய்திருப்பார். வாயைச் சனிக்கிழமை மாலை பட்டறையைச் சாத்துகிற நேரத்தில், மிச்சம் மீதி கிடந்ததை வைத்து ஒட்டியிருப்பார். மயிரிழை பிசகாமல் வயலின் செய்து அந்தக் கை சேர்த்த பெயரையெல்லாம் வாய் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது.

அந்தச் செப்டம்பரில் தூல்யோவின் கடையில் நடந்ததும் வாயின் கைங்கரியம்தான்.

தூல்யோ, போ ஆற்றங்கரை ஊரான ரிவாபியாங்காவில் தேன்மிட்டாய் கிண்டுபவன். ஊர் பாண்டு வாத்தியக் குழுவுக்கும் அவன்தான் தலைவன். இரண்டு வேலைக்கும் ஒரே கரண்டியைத்தான் பயன்படுத்துகிறான் என்று ஊரில் சொல்வார்கள். அன்று குழுக்காரர்கள் மது அருந்திக்கொண்டு நவம்பர்த் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தூல்யோ கரண்டியால் மேசையைத் தட்டினான்.

"அழைப்பு விஷயம். போன வருஷம் மாதிரியே ஒலிபெருக்கிதான். வேற வழி இல்ல."

"ஐயோ, மறுபடியும் மெத்தையா?" என்றது ஒரு குரல். கடையே சிரித்தது.

தையற்காரர்களின் காவலரான புனித ஓமோபோனோவின் சிலை எட்டுப் பேர் தோளில் ஏறி, கோவில் வாசற்படியில் வந்து நிற்கும். மேலே மாடத்திலிருந்து டிரம்பெட்டில் அழைப்பு வரவேண்டும். வந்தால்தான் புனிதர் படி தாண்டுவார். போரிலும் போ ஆற்று வெள்ளத்திலும் மாறாத வழக்கம் இது. போன வருஷம் அழைப்பை யாருடைய கைப்பேசியிலிருந்தோ ஒலிபெருக்கியில் போட்டார்கள். எக்காளத்துக்கு முன்னால் ஒரு பெண்குரல் கொஞ்சலாக, "முதுகு வலிக்கிறதா? எங்கள் மெத்தையில் ஒருநாள் படுத்துப் பாருங்கள்" என்று ஊரையே கூப்பிட்டது. சிலையைச் சுமந்த எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் புனிதர் கப்பல் போல ஆடினார்.

சிரிக்காதவள் ஒருத்திதான். தன் வீட்டுச் சன்னலுக்குப் பின்னால் நின்றிருந்த, எவாரிஸ்தோவின் மனைவி நீவெஸ்.

அவளை நினைத்ததும் எவாரிஸ்தோவின் வாய் தானாகத் திறந்தது.

"ஒலிபெருக்கி வேண்டாம். இந்த வருஷம் நீவெஸ் வாசிப்பா."

சிரிப்பு நின்றது. குழுவில் யாருக்கும் தெரியாத விஷயமல்ல. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த மாடத்தில் நின்று அழைப்பு ஊதியவள் நீவெஸ். போன திருவிழாவுக்கு முந்தைய குளிர்காலத்தில் ஒருநாள் காலை எழுந்தபோது அவள் முகத்தின் இடப்பக்கம் தொய்ந்து கிடந்தது. திரும்பிவிடும் என்றார் மருத்துவர். கண் திரும்பியது, புருவம் திரும்பியது. இடது கடைவாய் மட்டும் கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி வரவே இல்லை. ஊதினால் காற்று அந்த வழியே கசிந்தது. டிரம்பெட் பெட்டிக்குள் போய் அலமாரியின் உச்சியில் ஏறிக்கொண்டது. அதைத் தூசி தட்டக்கூட எவாரிஸ்தோவுக்கு அனுமதி கிடையாது.

தூல்யோ குரலைத் தாழ்த்தினான். "எவா, இதுல விளையாடாத. அவ உதடு..."

"உதடு எதுக்கு? மூச்சு எதுக்கு? ஊதாமலே ஊதுவா."

"இவனுக்கு எத்தனாவது கோப்பைப்பா இது?"

"கடல் எக்காளம்னு ஒண்ணு இருக்கு. நரம்பு வாத்தியம். ஆனா டிரம்பெட் மாதிரியே பேசும். என் பட்டறையில இருக்கு."

தூல்யோ யோசித்தான். "தோன் எல்விரோ உன்கிட்ட கொடுத்தாரே, அந்தக் கோழித்தீவனத் தொட்டியா?"

அதேதான்.

பங்குச்சாமியார் தோன் எல்விரோ பழைய கன்னியர் மடத்துப் பரணைக் காலி செய்தபோது கிடைத்த பெட்டி அது. ஆளை விட உயரம், மூன்று பக்கம், மேலே குறுகி அடியில் அகன்று, அடிப்பக்கம் திறந்து கிடந்தது. கோழிக்குத் தீனி கொட்டவும், துணிக்கொடிக்கு முட்டுக் கொடுக்கவும், ஒரு காலத்தில் புகைபோக்கியாகவும் அது உழைத்திருந்தது. "பலகை நல்லா இருக்கு, ஏதாச்சும் பண்ணிக்கோ" என்று கொடுத்தார். அதன் உச்சியில் ஒரே ஒரு முறுக்காணியைக் கண்டபோது எவாரிஸ்தோவுக்குப் புல்லரித்தது. நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய படங்களில் தேவதூதர்கள் தோளில் சாய்த்துக்கொண்டு வில் போடுகிற வாத்தியம். ஒற்றை நரம்பு. கடலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தெரியாது. அது எப்படிக் கேட்கும் என்பதும் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

தோன் எல்விரோவிடம் ஒரு கதை இருந்தது. பெண்பிள்ளைகள் எக்காளம் ஊதினால் கன்னம் உப்பி முகம் கோணிவிடும், அது கன்னியருக்கு லட்சணமல்ல என்று அக்காலத்து ஆண்கள் தடை போட்டார்களாம். சரி, ஊதவில்லை என்று சொல்லிவிட்டு, கன்னியர் இந்தப் பெட்டியில் நரம்பைக் கட்டி எக்காளம் முழக்கினார்களாம்.

எவாரிஸ்தோவை வேலையில் இறக்கியது அந்தக் கதைதான். அதை அவன் நீவெஸிடம் சொல்லவில்லை. வாத்தியம் பேசிய பிறகு சொல்லலாம் என்றிருந்தான். அது பேசுவதற்கு முன்னால் வாய் பேசிவிட்டது.

அவன் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. நீவெஸ் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். குடிக்கும்போது இடது கடைவாயை ஒரு விரலால் பக்கவாட்டில் லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்வாள். இழுத்தால் உதடு மூடும், ஒழுகாது. கோப்பையை வைத்துவிட்டு விரலை எடுத்தாள்.

"எனக்காக சவால் விட்டுட்டு வந்தியாமே."

"சவால்னு இல்ல. சும்மா ஒரு பேச்சுக்கு..."

"ஊரே முகத்தைப் பார்க்கிற மாடத்துல, கோழித்தொட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நான் நிக்கணும். அது மாடு மாதிரி கத்தும். கீழ நிக்கிறவங்க பாவம் பார்த்துக் கை தட்டுவாங்க. அதுதானே?"

"மாடு மாதிரி கத்தாது."

"நேத்து கத்துச்சு. மேல படுக்கையறை வரைக்கும் கேட்டுச்சு. கன்னு போட்டிருச்சோன்னு நினைச்சேன்."

அது உண்மை.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ" என்றாள். "அது டிரம்பெட்டா பேசினா வரேன். மாடா பேசினா நீயே போய்ச் சொல்லு, நீவெஸ் வரலை, நான்தான் உளறிட்டேன்னு. மாடத்துலயே ஏறி நின்னு சொல்லு. திருவிழா அன்னிக்கு."

அப்படியாக விஷயம் முடிவாயிற்று. பெட்டி பேசினால் அவள் மாடம் ஏறுவாள். பேசாவிட்டால் அவள் சன்னலுக்குப் பின்னாலேயே இருந்துவிடுவாள், அநேகமாக எல்லா வருஷமும். தான் மாடத்தில் ஏறி உளறியதை ஒப்புக்கொள்வது எவாரிஸ்தோவுக்குப் பெரிய விஷயமில்லை. ஊருக்கு அது புதுச் செய்தியும் இல்லை. அந்தச் சன்னல்தான் அவனுக்குத் தாங்கவில்லை.

வயலின் செய்வதற்குப் பேர்போன கிரெமோனாவில் தொழில் கற்றவன் அவன். அங்கே கற்றவர்களுக்கு ஒரு வேதம் உண்டு. நரம்பைத் தாங்கி நிற்கிற குதிரை, மேற்பலகையோடு ஒட்டிப் பிறந்தது போல உட்கார வேண்டும். குதிரையின் காலுக்கும் பலகைக்கும் நடுவே சிகரெட் தாள் நுழைந்தால் நீ தச்சன். நுழையாவிட்டால் நீ வாத்தியக்காரன். எங்காவது 'பிர்ர்' என்று ஓர் அதிர்வு கேட்டால் போதும், கிரெமோனாக்காரனுக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வண்டைத் தேடிப் பிடித்துக் கொன்றுவிட்டுத்தான் தூங்குவான்.

எவாரிஸ்தோ பெட்டிக்கு அப்படியொரு குதிரை செய்தான். இரண்டு காலும் பலகையில் முத்தமிட்டன. தாள் நுழையவில்லை, மூச்சுக்காற்றுகூட நுழையவில்லை. வில்லைப் போட்டான். மாடு.

நரம்பை மாற்றினான். கொஞ்சம் பெரிய மாடு. வில்லுக்கு வேறு குங்கிலியம் தேய்த்தான். சளி பிடித்த மாடு.

தூல்யோ ஒருநாள் தேன்மிட்டாயோடு எட்டிப் பார்த்தான். கண்ணை மூடி முழுசாகக் கேட்டுவிட்டு, "காலையில எத்தனை லிட்டர் கறக்குது?" என்றான்.

"போடா."

"சினிமாக் கொட்டகைக்காரன்கிட்ட ஒலிபெருக்கி சொல்லி வச்சிருக்கேன் எவா. கோபிச்சுக்காத. இந்தத் தடவை விளம்பரம் வராத மாதிரி காசு கட்டிட்டேன்." போகிற வழியில் சுவரைப் பார்த்து நின்றான். "இது என்ன, பல் விழுந்த சீப்பு மாதிரி?"

சுவரில் ஒரு சின்ன மரத்துண்டு ஆணியில் தொங்கியது. அதன் கீழே எவாரிஸ்தோவின் அழகிய கையெழுத்தில் ஓர் அட்டை: 'இப்படிச் செய்யாதே.'

"பெட்டிக்குள்ள கிடந்த பழைய குதிரை. பாரேன், ஒரு கால் தடி, ஒரு கால் குச்சி. குச்சிக்கால் பலகையைத் தொடவே இல்ல. எவனோ குடிகாரன் பண்ணியிருக்கான். வர்றவங்களுக்குக் காட்டிச் சிரிக்கிறதுக்கு மாட்டி வச்சேன்."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் எவாரிஸ்தோவுக்குக் காது சுடும்.

அக்டோபர் முடிந்து மூடுபனி ஆற்றிலிருந்து தெருவுக்கு ஏறிவிட்ட ஒரு முற்பகல். நம்பிக்கை போய்விட்ட மனிதன் கண்ட இடத்தில் கண்டதை வைப்பான். எவாரிஸ்தோ மேசைமீது படுக்கப் போட்டிருந்த பெட்டியின் மேலேயே காபிக் கோப்பையைத் தட்டோடு வைத்தான். மாமியார் கல்யாணத்துக்குக் கொடுத்த வெள்ளைப் பீங்கான். பிறகு, கடிக்கிற நாயைக் கல்லால் அடிக்கிற மாதிரி, வெறுப்போடு வில்லை எடுத்து நரம்பின்மேல் இழுத்தான்.

பட்டறையில் எக்காளம் முழங்கியது.

ஒரு கணந்தான். கோப்பை நடுங்கி நகர்ந்து தட்டிலிருந்து சரிந்தது, காபி அவன் மேலங்கியில் கொட்டியது, சத்தம் நின்றது. அவன் அசையாமல் நின்றான். மாடியில் நாற்காலி விழும் சத்தம். படியில் தடதடவென்று காலடி. கதவு சுவரில் மோதித் திறந்தது.

"யாரு என் டிரம்பெட்டைத் தொட்டது?"

நீவெஸின் கையில் தோசைக் கரண்டி போன்ற ஏதோ ஒன்று இருந்தது, அடிப்பதற்கு வந்திருந்தாள். பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். டிரம்பெட் இல்லை. காபியில் நனைந்த புருஷன் மட்டும் இருந்தான்.

"சொல்லு எவா. யாரு ஊதினது?"

"கோப்பை" என்றான்.

"என்னது?"

"உங்க அம்மா கொடுத்த கோப்பை."

அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்தாள். அவன் அவள் கையை விலக்கி, கோப்பையை மறுபடி பலகைமேல் வைத்து வில்லை இழுத்தான். பீங்கான் பலகையில் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தப் படபடப்பு ஒன்றாகச் சேர்ந்து, பித்தளையாகி, அறையை நிறைத்தது. கோப்பையை எடுத்தான். மாடு. வைத்தான். எக்காளம்.

"உதறுது" என்றாள் நீவெஸ் மெதுவாக. "உதடு மாதிரி. டிரம்பெட்டுல உதடுதானே உதறும்? இங்க கோப்பை உதறுது. எவா, இந்தப் பெட்டிக்கு உதடு இல்ல. எங்கயோ ஒண்ணு இருந்திருக்கணும்."

எவாரிஸ்தோவின் தலை தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது. 'இப்படிச் செய்யாதே.'

கால் தொடாத குதிரை. தொடக்கூடாத கால். தட்டுவதற்கென்றே தொங்கவிட்ட கால். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் குடிகாரன் குடிக்கவே இல்லை. பலகையில் அந்தக் கால் விழுகிற இடத்தில் நகம் அளவுக்குச் சதுரமாக ஒரு பழைய பசைத்தழும்பு இருந்தது. அழுக்கு என்று அவனே வெந்நீர் வைத்துத் துடைத்தெடுத்திருந்தான். நேர்த்தியாக, கிரெமோனா பாணியில்.

ஆணியிலிருந்து குதிரையைக் கழற்றும்போது அவன் கை கொஞ்சம் தயங்கியது என்பதை மறைப்பதற்கில்லை. முப்பது வருஷமாக வண்டு கொன்றவன், இப்போது தன் கையாலேயே வண்டுக்கு வீடு கட்டப் போகிறான். கூடக் கற்ற கிரெமோனாக்காரர்கள் கேட்டால் காறித் துப்புவார்கள். தன் அழகுக் குதிரையைக் கழற்றிவிட்டு நொண்டிக் குதிரையை நிறுத்தினான். தடிக்கால் பலகையில் ஊன்றியது. குச்சிக்கால், தெருமுனையில் வம்பு பேசுகிறவன் மாதிரி, பட்டும்படாமல் நின்றது.

"அதுக்கு அடியில கெட்டியா ஏதாவது வேணும்" என்றான். "மரத்துல மரம் தட்டினா போதாது."

நீவெஸ் கோப்பையை எடுத்தாள். ஒரு பார்வை பார்த்தாள். பட்டறைத் தரையில் ஓங்கிப் போட்டாள்.

"உங்க அம்மா!"

"அம்மாவுக்கு சந்தோஷமாத்தான் இருக்கும். உன்னைக் கட்டிக்க வேண்டாம்னுதானே சொன்னாங்க. சில்லை எடு."

நகம் அளவு பீங்கான் சில்லைத் தழும்பின்மேல் ஒட்டினார்கள். பசை காய்வதற்குள் எவாரிஸ்தோ பட்டறையை நான்கு தரம் பெருக்கினான். பிறகு பெட்டியை நிமிர்த்தி அவள் தோளில் சாய்த்தான். அகன்ற அடிப்பக்கம் தரையில், குறுகிய உச்சி அவள் காதருகே. படங்களில் தேவதூதர் பிடித்த மாதிரியே. வில் மேலே, இடதுகை அதற்குக் கீழே.

அவள் வில்லை இழுத்தாள்.

சன்னல் கண்ணாடி பதில் சொன்னது. உளிகள் சட்டத்தில் சிணுங்கின. தெருவில் போன ஒரு நாய் குரைக்கத் தொடங்கி, பிறகு மரியாதைக்காக நிறுத்திக்கொண்டது. நீவெஸ் கட்டைவிரலை நரம்பின்மேல் பட்டும்படாமல் வைத்தாள், அழுத்தவில்லை, தொட்டாள். சுரம் தாவி ஏறியது. விரலை நகர்த்தினாள். இன்னொன்று. பொத்தான் இல்லாத பழைய எக்காளத்தில் எந்தச் சுரங்கள் இயற்கையாக வருமோ, அதே சுரங்கள், அதே வரிசையில், அந்த ஒற்றை நரம்பில் காத்துக்கொண்டிருந்தன. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உதட்டால் ஏறிய படிக்கட்டுகளை அவள் கட்டைவிரல் இருட்டில் வீடு தெரிந்தவன் மாதிரி ஏறியது. திருவிழா அழைப்பின் முதல் அடி வந்தது. இரண்டாம் அடியில் தவறியது. அவள் சிரித்தாள். அரை முகம் முழுசாகவும், மறு அரை அதனால் முடிந்தவரையும்.

"கோணலா இருந்தாத்தான் ஊதும் போல" என்றாள்.

அப்போதுதான் அவன் கன்னியர் கதையைச் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, மறைந்துபோன அத்தனை கன்னியருக்கும் சேர்த்து ஒருதரம் வில் போட்டாள்.

திருவிழாக் காலையில் மூடுபனி, நீட்டிய கை தெரியாத அளவுக்கு. எவாரிஸ்தோவும் தூல்யோவும் கருப்புத் துணி சுற்றிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்தைக் கடந்தபோது எதிரே வந்த கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"யாருப்பா போயிட்டாங்க?"

"இன்னும் யாரும் போகல தாத்தா" என்றான் தூல்யோ. "பத்து மணிக்கு மேலதான் தெரியும்."

பின்னால் நீவெஸ் நடந்தாள். பாண்டு உடுப்பைப் போட்டிருந்தாள். அன்றைக்கு எல்லாரும் செய்வது போல மேல் பொத்தானில் சிவப்புத் தையல்நூல் ஒன்றைச் சுற்றி முடிந்திருந்தாள், தையற்காரப் புனிதருக்கு மரியாதையாக.

மாடத்தில் ஏறி நின்றபோது கீழே ஊர் இருப்பது சத்தத்தாலும் வாசனையாலும்தான் தெரிந்தது. இருமல், குழந்தை அழுகை, வறுத்த கொட்டை வாசனை. சிலை வாசற்படிக்கு வந்துவிட்டது. தோன் எல்விரோவின் மணி ஒலித்தது. எல்லாம் அடங்கியது.

நீவெஸ் வில்லை இழுத்தாள்.

மாடு.

கீழே யாரோ 'களுக்' என்றார்கள். இன்னொருவன், பனிக்குள் முகம் தெரியாத தைரியத்தில், "ம்மா" என்று பதில் கத்தினான். எவாரிஸ்தோ குனிந்து பார்த்தான். ஈரத்தில் பலகை ஊறி, குச்சிக்கால் நல்லபிள்ளை மாதிரி பீங்கான்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. கத்தியை எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டான். எதைச் சீவுவது, எவ்வளவு சீவுவது? கூடிப்போனால் கதை முடிந்தது. அந்தக் கை, திங்கட்கிழமைக் கை, கத்தியைத் திறந்தது, மறுபடி மடக்கியது.

தூல்யோ ஒலிபெருக்கியோடு இணைத்த கைப்பேசியை வைத்துக்கொண்டு சுவரோரம் ஒட்டி நின்றான். "நீவெஸ், பரவால்ல. ஈரம். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. அமுக்கட்டுமா?"

"தூல்யோ" என்றாள் அவள், திரும்பாமல். "அமுக்கினா உன்னைக் கீழ தள்ளுவேன். புனிதர் மேலயே விழுவ."

அவள் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசைய மறுக்கிற அந்தக் காலை. பிறகு எவாரிஸ்தோ தினமும் காபி நேரத்தில் பார்க்கிற ஒன்றைச் செய்தாள். குனிந்து விரலை நீட்டினாள், தன் கடைவாய்க்கு அல்ல, நரம்புக்கு. அதைக் குதிரைக்குப் பக்கத்தில் லேசாகப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தாள். வில்லின் நுனியால் நரம்பைச் சுண்டினாள்.

'பிர்ர்.'

"எழுந்துடுச்சு!" என்றான் எவாரிஸ்தோ. நரம்பு நகர்ந்ததும் பாரம் தடிக்காலுக்குப் போய், குச்சிக்கால் மெல்லத் தூக்கிக்கொண்டது.

"கத்தாத. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

அவள் பொத்தானிலிருந்த சிவப்பு நூலைப் பிடுங்கினாள். பல்லால் கடித்து, நரம்பில் ஒரு முடிச்சுப் போட்டு, மறுமுனையை அவனிடம் கொடுத்தாள். "இழு. இன்னும் கொஞ்சம். அதிகம், விடு. ஆ... அங்கயே. அசையாத எவா. மூச்சுகூட மெதுவா விடு."

அவன் மண்டியிட்டு, பெட்டியின் ஓரத்தில் கையை ஊன்றி, நூல் நுனியை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தான். கை ஆணி அடித்தது போல நின்றது. வாயும் நின்றுவிட்டது.

அவள் வில்லை இழுத்தாள்.

பனி இரண்டாகப் பிளந்தது போலிருந்தது. பித்தளை இல்லாத பித்தளை, மூச்சில்லாத முழக்கம், கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் திமிராக, பூட்டிய வீட்டிலிருந்து வெளியே வந்தவள் குரல் போல. முதல் அடி சதுக்கத்தைத் தாண்டி எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வருவதற்குள் இரண்டாம் அடி புறப்பட்டுவிட்டது. "ம்மா" என்றவன் வாயடைத்துப் போனான். மேலே மணிக்கூண்டுப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. கடைசி அடியின் உச்சிச் சுரத்தில், சுகமாக இருந்த காலத்திலேயே உதட்டால் அவள் பயந்து பயந்து ஏறுகிற அந்தச் சுரத்தில், கட்டைவிரல் ஒரு நகக்கீற்று நகர்ந்து நின்றது. நின்றது, நீண்டது, ஊரே கேட்டது.

கீழே எட்டுப் பேரின் கால்கள் ஒன்றாகக் கல்லில் பதிந்தன. புனிதர் படி தாண்டினார்.

பிறகு எழுந்த ஆரவாரத்தில் பாவம் பார்த்துத் தட்டிய கை ஒன்றும் இல்லை. வாசிக்கிறவள் முகமே பனிக்குள் அவர்களுக்குத் தெரியவில்லை. "நீவெஸ் உதடு சரியாயிடுச்சா?" என்று ஒரு பெண் கத்தினாள். "சரியாகல!" என்று மாடத்திலிருந்து நீவெஸ் பதில் கத்தினாள். "சரியாகாமலே வாசிக்கிறேன்!" மறுபடி வில்லைப் போட்டாள். ஒரு தரம்தான் அழைப்பு என்பது வழக்கம். அவள் மூன்றாம் தரமும் முழக்கினாள். பாண்டுக்காரர்கள் தலைவனுக்குக் காத்திராமல் அவள் பின்னாலேயே தொடங்கிவிட்டார்கள். தலைவன் மாடத்தில் நின்று, கைப்பேசியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கரண்டி இல்லாத கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய் எவா" என்றான் தூல்யோ, மூக்கை உறிஞ்சி. "நீ சொன்னது நடந்துடுச்சுடா. என் வாழ்நாள்ல முதல் தடவை. ஏதாவது சொல்லேன்."

எவாரிஸ்தோ நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் மூக்கும் ஒழுகியது, கண்ணும் ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. நூலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஊர்வலம் ஆற்றுத் தெருவில் திரும்பியது. பாண்டுச் சத்தம் பனிக்குள் தேய்ந்தது. தூல்யோ தன் குழுவைப் பிடிக்கப் படியில் ஓடினான். நீவெஸ் வில்லை இறக்கினாள்.

"நூலை விடு எவா. முடிஞ்சிடுச்சு. புனிதர் போயிட்டாரு."

"விட்டா கால் உட்காந்துடும்."

"உட்காரட்டுமே."

"இன்னொரு தடவை வாசி."

"யாருக்கு?"

அவனுக்கு வாய் திரும்பக் கிடைத்திருந்தது. ஆனால் அதைச் செலவழிக்க மனம் வரவில்லை. மண்டியிட்டபடியே தன் நெஞ்சைத் தாடையால் தொட்டுக் காட்டினான்.

நீவெஸ் அவனைப் பார்த்தாள். கண்ணீரும் பனியும் சேர்ந்து ஊறிய அந்த முகத்தை. வலப்பக்கம் சிரித்தது, இடப்பக்கம் பின்னாலேயே புறப்பட்டு வந்தது. பெட்டியைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டு, வில்லை உயர்த்தினாள்.

"கையை அசைக்காத" என்றாள்.